இடது கன்னத்துக் களிம்பு

டிசம்பர் பிறந்து ஹர்மட்டான் காற்று வீச ஆரம்பித்துவிட்டால் குமாசி நகரத்தில் கறுப்பு, மாநிறம், சிவப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோரும் சாம்பல் நிறம். பாலைவனத்துத் தூசியைச் சுமந்து வரும் அந்த வறண்ட காற்று உதட்டை வெடிக்க வைக்கும், முழங்காலில் கோடு கிழிக்கும், குதிகாலைப் பிளந்து போடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தித் தலை முதல் கால் வரை ஷியாக் கொட்டையிலிருந்து எடுத்த வெண்ணெயைத் தேய்த்து அனுப்புவார்கள் தாய்மார்கள். பொரித்தெடுத்த வாழைக்காய் போலப் பளபளத்துக்கொண்டு பிள்ளைகள் தெருவில் போகும். இன்றைக்குத் தலைநகர் அக்ராவில், எழுபத்துநாலு வயதில், ஏசி அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் டிசம்பர் வந்தால் சுமினாவின் மூக்கில் அந்த வாசனைதான் முதலில் ஏறுகிறது. புகையும் கொட்டையும் கலந்த அந்த வாசனை பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு மூக்கு இருந்து என்ன பயன்!

சுமினா என்றால் குப்பைமேடு. ஊரார் வைத்த பட்டப்பெயர் இல்லை, பெற்றவளே வைத்த பெயர். அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் முதல் வயதைத் தாண்டவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும், சாவு இதன்மேலும் ஆசைப்படக் கூடாதென்று குப்பைமேடு என்று பெயரிட்டு, இரண்டு கன்னத்திலும் மும்மூன்று கீறல் போட்டு, மூலிகைக் கரியைத் தேய்த்துவிட்டார்கள். அழகான பிள்ளையைத்தான் சாவு தூக்கும், இதைப் பார்த்தால் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போய்விடும் என்பது பெரியவர்களின் கணக்கு. கணக்கு பலித்தது. சுமினா கல்லுக்குண்டு மாதிரி வளர்ந்தாள். ஒரு காய்ச்சல் தலைவலிகூட அண்டியதில்லை.

ஆனால் இருபத்தொரு வயதுப் பெண்ணிடம் போய், இந்தக் கீறல்தான் உன்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் அவள் கேட்பாளா?

1971. அடும் தெருவில் இருந்த பெரிய கடை ஒன்றில் சுமினாவுக்கு வேலை. முன்பக்கம் கண்ணாடி மேசை, மின்விசிறி, வெளிநாட்டு முகக் களிம்புகள், பவுடர்கள். சுமினா இருந்ததோ பின்கட்டில். பெட்டி உடைப்பது, குப்பி எண்ணுவது, தூசி தட்டுவது. கதவிடுக்கு வழியாக முன்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்குவாள். அங்கே நிற்கிற பெண்ணுக்கு வெள்ளைக் காலர் வைத்த நீலச் சட்டை. வருகிறவர்கள் எல்லோரும் "மிஸ்" என்று கூப்பிடுவார்கள். பின்கட்டில் மூட்டை தூக்குகிறவன்கூட "ஏ குப்பைமேடு, அந்தப் பெட்டியை எடு" என்பான். அந்த "மிஸ்" என்ற ஒரு சொல்லுக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள்.

முன்பக்க மேசைக்குப் பொறுப்பு மிஸஸ் குவார்ட்டே. அக்ராக்காரி. காலை எட்டு மணிக்குப் போட்ட பவுடர் மாலை ஆறு மணிக்கும் கலையாது. அந்த ஆகஸ்டில், மேசைப் பெண் கல்யாணமாகிப் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் சுமினா போய் முன்னால் நின்றாள்.

"உனக்குக் கை சுத்தம், வாய் சுத்தம். ஆங்கிலம் என்னைவிட நல்லாப் பேசறே" என்றாள் மிஸஸ் குவார்ட்டே. "மூஞ்சிதான்... நான் தப்பா சொல்லலை. கிரீம் விக்கிறவ மூஞ்சியைப் பார்த்துத்தானே வர்றவ பர்சைத் திறப்பா? டிசம்பர் வரைக்கும் அந்த இடத்தைக் காலியா வச்சிருக்கேன். லண்டன்லேர்ந்து வந்திருக்கே நீலக் குப்பி, தழும்புக்குன்னு போட்டிருக்கு. தடவிப் பாரு. கொஞ்சம் மங்கினாப் போதும், மிச்சத்தைப் பவுடர் பார்த்துக்கும்."

சுமினா ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து நீலக் குப்பியை வாங்கி, மேல்துணியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீடு என்றால் காம்பவுண்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கொரு குடும்பம். ஒருவர் வீட்டில் தும்மினால் எட்டுக் குடும்பம் "நல்லாயிரு" என்று சொல்லும். அங்கே மறைப்பதாவது! எதிர் அறையில் குடியிருந்த ஒஃபோசு அன்று மாலையே குப்பியைப் பார்த்துவிட்டான். பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கிறவன். நாலு எழுத்து படித்தவர்களுக்கு இருக்கும் வியாதி அவனுக்கும் உண்டு. வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"இதுக்கா ஒரு மாசச் சம்பளம்? பேசாம என்கிட்டக் குடுத்திருந்தா வறுத்த கோழியாவது வாங்கிக் குடுத்திருப்பேன்."

"உன்னைக் கேட்டாங்களா? படிக்கிற வேலையைப் பாரு."

"படிச்சதைத்தான் சொல்றேன். தோலோட மேல்பரப்பு பூரா செத்துப் போன செதிலு. களிம்போட ராஜ்ஜியம் பெரும்பாலும் அங்கேயே முடிஞ்சுரும். உள்ள இருக்கிற ஈரம் ஓடிப் போகாமப் பிடிச்சு வைக்கும், சொரசொரப்பை வழவழப்பாக்கும், நல்ல வேலைதான், இல்லேங்கலை. ஆனா உன் கீறல் இருக்கே, அது அதுக்கும் கீழே, உசுரு இருக்கிற இடத்துல. கரி அங்க போய்க் குந்திக்கிச்சு. கென்கே உருண்டைக்கு மேல சோளத்தோல் சுத்தியிருக்குல்ல, அந்தத் தோல் மேல குழம்பை ஊத்தினா உள்ள இருக்கிற உருண்டைக்கு ருசி ஏறுமா?"

"லண்டன்காரன் உன்னைவிட முட்டாளா?"

"விக்கிறவன் முட்டாளில்லை. வாங்கறவ..."

அவன் முடிப்பதற்குள் சுமினா கையில் கிடைத்த அகப்பையை வீசினாள். அவன் குனிந்துகொண்டான். குனிந்தவன் நிமிர்ந்தபோது கண்ணில் புதிதாக ஒரு வெளிச்சம்.

"இரு, சண்டை வேண்டாம். பந்தயம் வைப்போம். உனக்கு ரெண்டு கன்னம். ஒரே நாள்ல, ஒரே கத்தியில, ஒரே கையால போட்ட கீறல். இந்த மாதிரி ஜோடி எங்க காலேஜ்லயே கிடைக்காது! ஒரு பக்கம் லண்டன், ஒரு பக்கம் ஷியா. எது எந்தப் பக்கம்னு உனக்குச் சொல்ல மாட்டேன். மூணு மாசம் போகட்டும், பார்ப்போம்."

சுமினாவின் அம்மா பிராகோ முற்றத்தில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மத்தியச் சந்தையில் புகைபோட்ட மீன் விற்கிறவள். ஞாயிறானாலும் விடியுமுன் போனால் விளக்கு வைத்துத்தான் திரும்புவாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டரே, அந்தக் கீறல் நெசமாவே போயிருமா?"

"போகாது அம்மா. அதைக் காட்டத்தான் இவ்வளவு பாடு."

"ஒருவேளை போயிருச்சுன்னா?"

"போனா என் புத்தகத்தையெல்லாம் உங்க மீனுக்கு அடியில போட்டுக் கொளுத்துங்க."

பிராகோ சிரிக்கவில்லை. மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பவும் கூடையைக் கழுவ உட்கார்ந்தாள்.

ஒஃபோசு இரண்டையும் தனித்தனியாக அடித்து, ஒரே வாசனைத் தைலத்தைச் சொட்டுவிட்டு, ஒரே மாதிரி இரண்டு தகர டப்பாவில் அடைத்தான். இடது கன்னத்து டப்பாவுக்குச் சிவப்பு நூல், வலது கன்னத்து டப்பாவுக்குக் கறுப்பு நூல். இடது கன்னத்துக்குத்தான் லண்டன் களிம்பு என்பது அவனுக்கு மட்டும் தெரியும். ஒரு அட்டையில் வெளிர் பழுப்பிலிருந்து கன்னங்கரேல் வரை பத்துக் கட்டம் வரைந்து வர்ணம் அடித்தான். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, கிணற்றடி வெளிச்சத்தில், அட்டையைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்து, கீறல் எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று நோட்டில் எழுதுவது என்று ஏற்பாடு. முதல் ஞாயிறு இரண்டு பக்கமும் எட்டு.

இரண்டாவது வாரமே சுமினாவுக்கு இடது கன்னம் சுருசுருவென்றது. லண்டன் இந்தப் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஆசை முந்திக்கொண்டால் கண் பின்னாலேதானே போகும். நாலாவது ஞாயிறு இடது பக்கம் கொஞ்சம் மங்கியதுபோல இருந்தது. ஒஃபோசு அட்டையை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"ஏழுன்னு சொல்லலாமா?"

"சொல்லலாமா என்ன? ஏழுதான்!"

எட்டாவது ஞாயிறு ஆறரை. பத்தாவது ஞாயிறு ஆறு. வலது பக்கம் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி எட்டிலேயே நின்றது. ஒஃபோசுவின் முகம் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. பந்தயத்தில் தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்வான். படித்த புத்தகம் தோற்பதை எப்படித் தாங்குவான்? "வலிக்குதுதான், ஆனா கண்ணால பார்க்கிறதை இல்லைன்னு சொல்ல முடியாதே" என்று முணுமுணுத்தபடி எண்ணை எழுதுவான். அந்தக் கிணற்றடி ஞாயிறுகளை நினைத்தால் சுமினாவுக்கு இன்றும் நெஞ்சு இனிக்கிறது. எண்ணை எழுதிய பிறகும் அவன் அட்டையை எடுக்காமல் நின்றதற்குக் காரணம் தழும்பு மட்டும் இல்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரியும்.

டிசம்பர் முதல் திங்கள், சுமினா நீட்டிய இடது கன்னத்தை மிஸஸ் குவார்ட்டே ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "அட, இடது பக்கம் நல்லா விட்டிருக்கே!" என்று சொல்லி, இரண்டு பக்கமும் பவுடரை ஒற்றி, வெள்ளைக் காலர் வைத்த நீலச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளை சுமினா மறக்கவே மாட்டாள். மின்விசிறிக் காற்று கழுத்தில் பட்டது. "மிஸ், இது என்ன விலை?" "மிஸ், எனக்கு எது பொருந்தும்?" அவளும் சும்மா நிற்கவில்லை. நீலக் குப்பியைக் கேட்டு வருகிறவர்களிடம் கன்னத்தை முன்னால் நீட்டி, "என் இடது பக்கத்தைப் பாருங்க, வலது பக்கத்தைப் பாருங்க. நானே போட்டுப் பார்த்தது" என்பாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் துளியும் தோன்றவில்லை, ஏனென்றால் அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. முப்பத்துநாலு குப்பி விற்றது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், கல்யாணத்துக்கு நாள் குறித்த ஒரு பெண் வந்தாள். கொதிக்கிற பாமாயில் கொட்டி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சின்ன வயதில் வெந்த தழும்பு. "ஜனவரியில கல்யாணம் மிஸ். அதுக்குள்ள போயிருமா?" என்று அவள் கேட்க, சுமினா கன்னத்தை நீட்டப்போன நேரத்தில் வாசலில் கூச்சல்.

பிராகோ. தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. மேலெல்லாம் ஹர்மட்டான் தூசி, மீன் புகை வாசனை. காவல்காரன் தடுத்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"அடியே சுமினா! உன் இடது கன்னத்துக் கீறல் அழிஞ்சு போச்சாமே? மார்க்கெட்டு பூரா பேசறாளுங்க!"

"அம்மா, மெதுவாப் பேசு. களிம்பு போட்டேன்ல, அதான்..."

"எந்தக் களிம்புடி? களிம்பு ஏது? மறுநாளே அதை நான் வழிச்சு எடுத்துட்டேன். ஷியாவை நுரைக்க அடிச்சு, அதே தைலத்துல ரெண்டு சொட்டு விட்டு வச்சேன். ரெண்டு டப்பாவுலயும் ஷியாதான்டி! எது ஷியா, எது ஷியா இல்லைன்னு இந்தக் கைக்குத் தெரியாதா?" அவளுக்கு மூச்சு இரைத்தது. "களிம்பே இல்லாம அது அழியுதுன்னா, யாரு அழிக்கிறா? சொல்லு. யாரு வந்து அழிக்கிறா?"

பன்னிரண்டு ஞாயிறு, பன்னிரண்டு எண், ஒஃபோசுவின் சாய்ந்த கையெழுத்து எல்லாம் சுமினாவின் கண்முன் வந்து போயின. எட்டு, ஏழு, ஆறரை, ஆறு. ஒரே ஷியாவைத் தடவிய இரண்டு கன்னத்தில் ஒன்று மங்கிற்றாம், மற்றது மங்கவில்லையாம்! அவள் ஆசைப்பட்டாள், அவள் கண் எழுதிக் கொடுத்தது. இடது பக்கம் லண்டன் என்று அவனுக்குத் தெரியும், அவன் கண்ணும் எழுதிக் கொடுத்தது. மிஸஸ் குவார்ட்டேக்கு மேசைக்கு ஆள் வேண்டியிருந்தது. வெட்கம் அவள் காது வரை சுட்டது.

"அப்போ என் நீலக் குப்பிக் களிம்பு எங்கம்மா போச்சு?" என்றாள் மிஸஸ் குவார்ட்டே.

"கால்ல போட்டேன். கொட்ட மனசு வருமா, அந்த விலைக்கு?" பிராகோ செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தூக்கிக் காட்டினாள். ஊரே வெடித்துக் கிடக்கிற ஹர்மட்டானில் அந்தக் குதிகால் மட்டும் வழவழவென்று இருந்தது. வாங்க வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிராகோ சிரிக்கவில்லை. காலைக் கீழே வைத்ததும், "யாருடி அழிக்கிறா?" என்று மகளிடம் மறுபடி கேட்டாள்.

"மிஸ்," என்றாள் கல்யாணப் பெண், குப்பியைக் கையில் வைத்தபடி. "அப்ப இது தழும்பைப் போக்குமா, போக்காதா?"

மிஸஸ் குவார்ட்டே சுமினாவையே பார்த்தாள். அவள் கண் என்ன சொல்கிறதென்று சுமினாவுக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை போதும். அம்மாவுக்குக் காய்ச்சல், ஏதோ உளறுகிறாள் என்று சொன்னால் மேசை அவளுடையது, சட்டை அவளுடையது, "மிஸ்" அவளுடையது. ஆனால் அம்மா அந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போவாள். மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள், நாலாவதன் அடையாளத்தை யாரோ அழிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு இனி எத்தனை நாள் தூங்காமல் கிடப்பாளோ?

சுமினா மேசையிலிருந்து பஞ்சை எடுத்து, ஒப்பனை கலைக்கும் களிம்பில் தோய்த்து, எல்லோர் முன்னாலும் இரண்டு கன்னத்தையும் அழுத்தித் துடைத்தாள். பவுடர் முழுவதும் பஞ்சோடு வந்தது. பிறகு மேசையைச் சுற்றி வந்து அம்மாவின் முன்னால் குனிந்தாள்.

"யாரும் அழிக்கலைம்மா. அது எங்கேயும் போகலை. நீயே தொட்டுப் பாரு."

பிராகோவின் கட்டைவிரல் மீன் செதில் பட்டுப் பட்டு மரத்துப்போன விரல். அது இடது கன்னத்தில் மெல்ல ஊர்ந்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு." பிறகு வலது கன்னம். பிறகு மறுபடியும் இடது. இரண்டும் ஒரே ஆழம், ஒரே கறுப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்குடி, எல்லாம் இருக்கு" என்று சொல்லி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சுமினா கல்யாணப் பெண்ணைப் பார்த்தாள். "போகாதுங்க. வறண்ட தோல் மிருதுவாகும், வெடிப்பு ஆறும், இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தா கொஞ்சம் தளரும். இத்தனை வருஷத்துத் தழும்பு இதுல போகாது. கல்யாணத்தன்னைக்குப் பவுடர் போட்டா மறையும். ராத்திரி கழுவினா திரும்ப வந்துரும்."

அந்தப் பெண் குப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு நாலு பேர் வந்து குதிகாலுக்கென்று கேட்டு வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். மிஸஸ் குவார்ட்டே கெட்டவள் இல்லை. திட்டவில்லை. சாயங்காலம் சட்டையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டாள். சுமினா பின்கட்டில் இரண்டு பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்து மனசு ஆறும்வரை அழுதாள். நல்ல காரியம் செய்தோம் என்ற நிம்மதியெல்லாம் அன்று வரவில்லை. போன மேசை போனதுதான்.

ஒஃபோசு விஷயத்தைக் கேட்டு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் நோட்டோடு வந்து நின்றான். "அட்டையை நான்தான் பிடிச்சேன். கண்ணை மட்டும் உனக்கு இரவல் குடுத்துட்டேன் போல" என்றான். அதற்குமேல் காதல் வசனம் பேச அவனுக்குத் தெரியாது. அதுவே போதுமாக இருந்தது. கல்யாணமானதும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அக்ராவுக்குக் குடிபெயர்ந்தார்கள். களிம்புக் கம்பெனிகள் கொடுத்தனுப்பும் குப்பிகளைச் சோதித்துச் சொல்கிற சின்னக் கூடம் ஒன்றை அங்கே ஆரம்பித்தார்கள். தடவுகிறவளுக்கும் எது எதுவென்று தெரியக் கூடாது, அளக்கிறவனுக்கும் தெரியக் கூடாது. இது சுமினா போட்ட சட்டம். கூடத்துக்கு உரிமம் கேட்டு மனு எழுதியபோது பெயர் இருக்கும் இடத்தில் சுமினா என்றே எழுதினாள்.

கடையில் அப்படி அழுத பிறகும் பிராகோவுக்குப் பயம் முழுக்கத் தெளியவில்லை. மறுநாளிலிருந்து, மகள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்துக்கொள்வாள். கட்டைவிரலை வைத்து இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று, வாய்விட்டு எண்ணுவாள். எண்ணி முடித்தால்தான் வழிவிடுவாள். "அம்மா, பஸ் போயிரும்" என்று சுமினா கத்துவாள். "பவுடர் கலையுது" என்று சிடுசிடுப்பாள். பேரப்பிள்ளைகள் கூடவே நின்று கோரஸாக எண்ணுவார்கள். மழையில், காய்ச்சலில், ஒஃபோசுவோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிய நாட்களில்கூட, ஒருநாள் தவறவில்லை. இருபத்திரண்டு வருஷம். கடைசி வருஷம் கண் தெரியாமல் போனபோதும் விரல் தடவிக்கொண்டு வந்து சரியாகக் கன்னத்தில் நின்றது.

ஒரு சனிக்கிழமை பிராகோவை அடக்கம் செய்தார்கள். ஞாயிறு சர்ச்சில் நன்றிப் பிரார்த்தனை. திங்கள் காலை கூடத்தில் வேலை இருந்தது. சுமினா கறுப்பு உடுத்திக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து நின்றாள். தலையைக் கொஞ்சம் குனிந்து, இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

பஸ் வந்தது. போயிற்று. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.